பதினான்கு நிமிடம், ஒன்பது விநாடி

ஹல் நகரம். கார்பெட் கடைக்கு மேல் மாடி.
ஹெட்போனுக்குள் ஒரு மரண விசாரணை:
லாண்டரி மெஷின், ஈரத் தரை,
இறந்தவர் பெயர் சிவபாதம்.
சாட்சி நாற்காலியில் மனைவி யோகமலர்.
மொழிபெயர்ப்பாளர் ஏறிய ரயில்
டான்காஸ்டரில் நின்றுவிட்டதாம்.
சின்னக் கேள்விகள்தானே, தொடங்கலாம் என்கிறார் அதிகாரி.

என் வேலை, கேட்டதைத் தட்டுவது.
நிமிடத்துக்கு எழுபது பென்ஸ்.

"மெஷின் பழுது என்று வீட்டில் சொன்னாரா?"
ம்.
"அடிக்கடியா?"
ம்ம்ம்ம்.
அந்த இழுப்புக்குள் மூன்று மாதம் இருக்கிறது.
"நிர்வாகத்திடம்?"
ம்... மேலே ஏறி, பாதியில் இறங்கிவிட்டது.
சொன்னார், யார் கேட்டார்கள்.
இத்தனையும் உதடு திறக்காமல்.

என் விதித்தாளில் 'ம்'முக்கு
இரண்டே எழுத்துக்கூட்டல்.
ஒன்று ஆமாம், மற்றது இல்லை.
நடுவில் கிடப்பதற்கெல்லாம் சதுர அடைப்பு.

பிறகு,
"கதவை அவராகவே திறந்திருப்பாரோ?"

ச்

மேலண்ணத்தை விட்டு நாக்கு பிரிகிற சத்தம்.
அவ்வளவுதான்.
"சாட்சி பதிலளிக்கவில்லை" என்று
பதிவுக்காகச் சொல்லிவிட்டுத் தாளைப் புரட்டுகிறார்.
தாள் சத்தம் நன்றாகவே கேட்கிறது.

பல்லி சொன்னாலே பலன் பார்க்கிறவர்கள் நாம்.
இவள் சொன்னதற்கு ஒரு வரி இல்லை.

தமிழில் என்றால் எழுதிவிடுவேனா?
ச்சு, ச்சூ, உச்சு என்று எதையோ போட்டுச் சமாளிக்கிறோம்;
உச்சுக்கொட்டுவது பரிதாபத்துக்கு, இது அதுவும் இல்லை.
இருநூற்று நாற்பத்தேழும் வெளியே போகிற மூச்சு.
இது உள்ளே இழுத்துக்கொண்டது.

அடுத்த சாட்சி கார்சைட், மெக்கானிக்.
பழுதுபார்க்க எவ்வளவு ஆகியிருக்கும் என்றதும்
பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார், நீளமாக.
அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.
அவர்களுக்குத் தொகை தெரிந்துவிட்டது.
நான் தட்டியது: மூச்சொலி.

மாலை ஐந்தரைக்கு லிண்ட்சி வந்தாள்,
மேற்பார்வை, கையில் என் பக்கங்கள்.
"பதினான்கு ஒன்பதில் வெற்றிடம் விட்டிருக்கிறாய்.
பதில் இல்லை என்றே போட்டுவிடலாமா?"

கோட்டுப் பொத்தானைப் போட்டபடி
ச் என்றேன்.

பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு
லிண்ட்சி நின்றாள்,
நான் ஏதாவது சொல்வேன் என்று.