சலவைக் கணக்கு, 1952

மைதானத்தின் இடது வேலிக்குப் பின்னால்
என் கொடிக்கயிறு.
பிராக்ஸ்டன் லான்டர்ன்ஸ் அணியின்
கம்பளிச் சட்டை பதினெட்டு, கால்சட்டை பதினெட்டு,
மே மாதத்திலிருந்து என் பொறுப்பு.
ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.
நேரமில்லை என்பது பாதி உண்மை,
டிக்கெட் அறுபது சென்ட் என்பது மீதி.

மட்டையில் பந்து படுவது கேட்கும்.
ஒரு நொடி யாரும் மூச்சு விடமாட்டார்கள்.
பிறகு ஊரே ஒன்றாய்க் கத்தும்,
அல்லது ஒன்றாய் உட்காரும்.
மரப்பலகை முனகலில் எது என்று தெரிந்துவிடும்.

மிச்சத்தை அழுக்கு சொல்லும்.
வலது தொடையில் செம்மண் இழுபட்டிருந்தால்
ஏழாம் எண் இரண்டாவது பேஸைத் திருடியிருக்கிறான்.
முழங்கால் இரண்டிலும் மண் என்றால் கேட்சர் கின்னார்ட்.
வயது முப்பத்திரண்டு என்கிறான்,
மூன்றாவது முறையாக அங்கே ஒட்டுப் போடுகிறேன்.
பதினான்காம் எண் ஜூன் முழுக்க
நான் மடித்த மடிப்போடே திரும்பி வந்தது.
ஒரு செவ்வாய்க்கிழமை
அதன் முழங்கையில் ஒரேயொரு பச்சைக் கறை.
கொஞ்சம் மெதுவாகத்தான் தேய்த்தேன்.

ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்.
புல்லுக்கு வினிகர்.
புகையிலைச் சாற்றுக்கு எந்தப் புனிதரும் இல்லை.

ஜூலையில் கியூபாவிலிருந்து இருபத்திரண்டு வந்தான்.
எலிசியோ கரியோன், பந்து வீசுபவன், கறுத்த மனிதன்.
மற்றவர்கள் சுருட்டி எறிகிற சட்டையை அவன்
தோளோடு தோள் வைத்து மடித்து அனுப்பினான்.
மறுநாளே மேலாளர் ஸ்ட்ரப்
என் பின்வாசலில் வந்து நின்றார்,
தொப்பியைக் கழற்றாமல்.
"அவனுடையதைத் தனித் தொட்டியில் போடு, ஹெட்விகா.
பையன்கள் கேட்கிறார்கள்."

எந்தப் பையன்கள் என்று நான் கேட்கவில்லை.
யார் அக்குள் எப்படி நாறும் என்பது எனக்குத் தெரியும்.
"போடலாம்," என்றேன்.
"தனித் தொட்டிக்குத் தனி வெந்நீர்,
தனிச் சோப்பு, தனிக் கொடி.
நாளுக்கு நாற்பது சென்ட். முன்பணம்."

பேருந்துக்கு டயர் மாற்றவே மனம் வராதவர்.
பிடரியைச் சொறிந்தார்.
செப்டம்பர்வரை எண்ணி உதடு அசைந்தது.
"சரி, சேர்த்தே போடு.
வெளியே சொல்லிக்கொண்டு திரியாதே."

அன்று எல்லாம் ஒரே தண்ணீரில் சுழன்றன.
எண்களின் சிவப்பு கொஞ்சம் சாயம் விட்டு
பத்தொன்பது பேர் காலுறையும் இளஞ்சிவப்பு.
யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு பந்து வேலி தாண்டி
டாக்டர் வீட்டுப் படுக்கைவிரிப்பில் விழுந்தது.
வேலிக்கு மேல் ஒரு முகம், பரு மாறாத கன்னம்.
"மன்னியுங்கள் அம்மா,
என் தலைக்கு மேலே போய்விட்டது."
மார்பில் பதினான்கு.
அந்த விரிப்பை மறுபடி துவைத்தேன்,
கணக்கில் எழுதவில்லை.

எட்டு அணிகளில் ஆறாவது இடம்.
கடைசி ஆட்டம் முடிந்த இரவே பேருந்து போய்விட்டது,
மூட்டை மட்டும் என் வாசலில்.
பாக்கி முப்பத்தொரு டாலர் நாற்பது சென்ட்.
குளிர்காலத்தில் லீகே கலைந்தது.
வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்துவிட்டதாம்.
ஸ்ட்ரப் இப்போது வேறு ஊரில் கார் விற்கிறாராம்.

கம்பளி நல்ல கம்பளி. வீணாக்கவில்லை.
கின்னார்டின் கால்சட்டை என் ஜன்னல் இடுக்குகளில்
காற்றைத் தடுத்துக்கொண்டு குந்தியிருக்கிறது.
இருபத்திரண்டை மட்டும் இன்னும் நனைக்கவில்லை.
பந்து வீசுபவன் நெஞ்சில்
கழுத்திலிருந்து இடுப்புவரை செம்மண்.
ஓடியிருக்கிறான். தலைகுப்புறப் பாய்ந்திருக்கிறான்.
கை போய்ச் சேர்ந்ததா,
அதற்குள் பந்து வந்துவிட்டதா,
மண்ணில் அது இல்லை.
பலகைகளைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.
அன்று சாயங்காலம் பார்த்து
பிழியும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.