பொதுச் சுவர்

தாஷ்போலோத்தின் பட்டறைக்கும் என் டயர் கிடங்குக்கும்
ஒரே சுவர்.
நவம்பர் பதினேழு மதியம்
அது முதன்முதலாகச் சூடானது.

சுவருக்குக் காது உண்டு என்பார்கள்.
தோலும் உண்டென்று அன்று கண்டேன்.
ரசீதுப் புத்தகத்தோடு முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.
வெளியே நாரின், பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
அவனிடம் எதுவும் கேட்கவில்லை.
இனாமாய் வருவதை யார் விசாரிப்பார்கள்?

மூன்றாம் நாள் விசாரித்தேன்.
பழைய கேஸ் சிலிண்டர், கழுத்தறுத்தது.
அறுக்கும்முன் விளிம்புவரை தண்ணீர் நிரப்பினானாம்,
அந்த மட்டும் புத்தி.
உள்ளே கிண்ணமாய்க் கமாஸ் லாரியின் பிரேக் டிரம்.
காற்றுக்கு ஜிகுலியின் ஹீட்டர் விசிறி.
மேலே பலகையில் பீப்பாய்:
தோருகார்ட் கணவாய் ஏறி இறங்கிய எஞ்சின்கள்
கக்கிவிட்டுப் போன எண்ணெய்,
காலையில் தார், மதியம் மை.

கணக்கு எனக்குப் பிடிக்கும். போட்டுப் பார்த்தேன்.
காரா-கெச்சே கரி எனக்குக் குளிர்காலத்துக்கு ஐந்து டன்,
இறக்குகூலி தனி.
இவனுக்கு மணிக்கு ஒரு லிட்டர்,
அதுவும் எங்கே கொட்டுவதென்று திண்டாடிய சரக்கு.
ஆகாது என்று எந்த எண்ணும் சொல்லவில்லை.
ஒரு பத்தி மட்டும் காலியாக இருந்தது.
அதற்கு என்ன தலைப்பு வைப்பதென்று தெரியவில்லை.

காலையில் கெஞ்சினாலும் சொட்டாது.
பீப்பாய்க்குச் சூடு ஏறியதும்
கேட்காமலே ஓடும்.
அரைத் திருகு மூடுவான், கால் திருகு திறப்பான்.
லாரியைப் பார்க்கிறாயா அடுப்பைப் பார்க்கிறாயா என்றால்
சிரிப்பான்.

டிசம்பரில் யாரோ ரேடியேட்டர் தண்ணீரைக் கலந்து
ஒரு டின் கொடுத்துவிட்டுப் போனார்கள்.
காய்ந்த வாணலியில் ஈரக்கை உதறிய சத்தம், நூறு மடங்கு.
புருவம் போனது, இடதுபக்கம் மட்டும்.
மறுநாள் அவன் மனைவி ஜிபார்
பென்சிலால் வரைந்து அனுப்பியிருந்தாள்.
அவனுக்குக் குளிர் விட்டுப்போயிற்று,
இரண்டு அர்த்தத்திலும்.

பிறகு ஜனவரியில் ஓர் இரவு,
நான் சரக்கு எண்ணிக்கொண்டிருக்கையில்,
தெரு முழுக்கக் கரண்ட் போனது.
விசிறி நின்றது.
எண்ணெய்க்கு அது தெரியாது.

சுவரின் விரிசலில் முதலில் வாசம் வந்தது,
பிறகு வெள்ளையாய் ஒரு புகை.
ஓடினேன்.
அவன் லாரிக்கு அடியில், நெற்றியில் விளக்கோடு,
ஒரு நட்டைத் திட்டிக்கொண்டிருந்தான்.
குழாயை மூடினேன். விசிறியின் பிளக்கைப் பிடுங்கினேன்.
இரண்டு கதவையும் விரியத் திறந்து
அவனைக் காலைப் பிடித்து இழுத்தேன்.
வெளியே வந்தவன் தீப்பெட்டியைத் தேடினான்:
"அணைந்துவிட்டது, பற்றவைக்கிறேன்."
டிரம் இன்னும் கொதிக்கிறது,
அறை முழுக்க எரியக் காத்திருக்கிற ஆவி.
தட்டிவிட்டேன். குச்சிகள் பனியில்.

நாற்பது நிமிடம் நின்றோம்.
பேச்சில்லை. பல் மட்டும் பேசியது.
அந்த இருட்டில் என் காலிப் பத்தி நிரம்பியது:
சுவரோடு அடுக்கிய டயர் அறுபத்துநான்கு.
ஆள் இரண்டு.

இப்போது அடுப்பு எதிர் மூலையில்.
பீப்பாய் வெளியே, தனிக் கொட்டகையில்.
கரண்ட் போனால் தானே மூடிக்கொள்ளும் வால்வு
பிஷ்கெக்கிலிருந்து வந்தது. பாதிப் பணம் என்னுடையது.
கூரையோரப் பனியில் இன்னும்
ஒரு சாம்பல் நாக்கு நீள்கிறது.
அதற்கு வால்வு இல்லை.
என் கரிப்புகையும் பக்கத்திலேயே படிகிறது,
எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி?
நாய் இரண்டு பனியையும் நக்குவதில்லை.

சுவர் குளிர்ந்துவிட்டது.
கோட்டு போட்டுக்கொண்டு ரசீது எழுதுகிறேன்.
சில மதியங்களில், பழக்கத்தில்,
முதுகைச் சாய்த்து,
சட்டென்று நிமிர்ந்துகொள்கிறேன்.