ஏழாம் தட்டு

பூசணம் பூத்தது என்கிறோம் நாம்,
ஏதோ நல்ல காரியம் போல.
மாஹ்பாரேயின் மொழியில் அது அடிக்கிறது.
சாக்ரோஸ் மலையடியில், ஊற்றுநீர் விழும் கொட்டகையில்,
ஏழாம் தட்டின் வடமூலையில்
நேற்றிரவு அடித்திருக்கிறது.

செத்த முட்டை வெளுக்கும், சோற்றுப் பருக்கையாய்.
வெளுத்ததிலிருந்து பஞ்சு கிளம்பும்.
பஞ்சுக்கு இழை, இழைக்குப் பக்கத்து வீடு,
பக்கத்து வீட்டில் உயிரோடிருக்கும் ஒருத்தி.
இடுக்கியால் எடுத்தெறியலாம்தானே?
கூடாது.
கண் வைக்கும்வரை ட்ரவுட் முட்டையை
அசைத்தால் அசைத்த கைக்கே பழி.
பதினாறு நாள், பத்து டிகிரிக் குளிர்,
பார்த்துக்கொண்டு நிற்பதற்குத்தான் சம்பளம்.

அலமாரியில் ஒரு டப்பா இருக்கிறது.
தடை செய்த பச்சைச் சாயம்.
கேயூமர்ஸ் அதைத் தூக்கியெறியவும் இல்லை,
திறக்கவும் இல்லை, இந்த வருஷம்.
பச்சை ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிடும், பஞ்சை.
பிறகு மீனின் சதைக்குள் போய் உட்காரும்,
பிறகு மீனைத் தின்றவரின்...
அவர் வாக்கியத்தை முடிக்கமாட்டார்.
நகக்கண்ணில் பழைய பச்சை எதுவும் இல்லை.
இருப்பதுபோல் தேய்த்துக் கழுவுவார்.

முதலில் எண்ணெய்.
ஆவிஷன் என்ற மலை இலையைக் காய்ச்சி இறக்கியது,
மூக்கில் ஏறினால் ஓமம்,
நாக்கில் பட்டால் நெருப்பு.
மூன்றாம் தட்டில் ஊற்றினார்கள்.
எண்ணெயும் தண்ணீரும் என்றைக்கு உறவாடின?
துளிதுளியாய் மிதந்துபோய்
ஓரத்து முட்டைகளின் மேல் படிந்தது.
பஞ்சு செத்தது.
பஞ்சுக்குக் கீழே இருந்ததும்.
கேயூமர்ஸ் தட்டைத் தூக்கி வெளியே கவிழ்த்தார்.
காகங்கள்கூட யோசித்துத்தான் தின்றன.

அன்றிரவு அவளுக்கு வயிற்றைப் பிசைந்தது.
பையிலிருந்த புட்டியைத் திறந்தாள்:
அதே இலையைக் காய்ச்சும்போது எண்ணெயோடு இறங்கும் நீர்,
அங்கே எல்லா வீட்டிலும் இருப்பது, வயிற்றுக்கு.
அரை டம்ளர் குடித்தாள்.
மீதியைப் பார்த்தாள்.
யாரையும் கேட்கவில்லை.
ஏழாம் தட்டுக்கு வரும் குழாயை ஒடுக்கி
ஒரு டம்ளர், மெல்ல, நூல் பிடித்தாற்போல்.
கால் மணி நேரம். பிறகு குழாயைத் திறந்துவிட்டாள்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
ஸ்வெட்டரின் கை ஒரு வாரம் மணத்தது.
பேருந்தில் பக்கத்திலிருந்தவள்
சூப் வைத்தாயா என்றாள்.

பஞ்சு போகவில்லை.
நின்றது.
வடமூலையில், உள்ளங்கை அகலத்தில்,
மேலே போகலாமா என்று யோசிப்பதுபோல.

பதினேழாம் நாள் விளக்கைத் தாழ்த்திப் பிடித்தாள்.
பிழைத்த முட்டை ஒவ்வொன்றிலும் இரண்டு கரும்புள்ளி.
கண் வைத்துவிட்டன.
இனித் தொடலாம்.
இடுக்கியோடு உட்கார்ந்து வெள்ளையை எல்லாம் பொறுக்கினாள்,
எண்ணினாள். நூற்றுக்கு முப்பத்தெட்டு.
மருந்தே காணாத எட்டாம் தட்டில் எழுபத்தொன்று.
கேயூமர்ஸ் நோட்டில் எழுதினார்,
முப்பத்தெட்டின் கீழே ஒரு கோடு போட்டார்,
அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம் என்றார்.
டப்பா அலமாரியிலேயே இருக்கிறது.
சாவிதான் இடம் மாறியிருக்கிறது.

மாலைப் பேருந்தில் திரும்ப வயிறு பிசைந்தது.
புட்டியைக் கவிழ்த்தாள்.
ஒரு சொட்டு, வாசனைக்கு.
நூற்றுக்கு அறுபத்திரண்டு பேருக்குக் கண் வந்திருக்கிறது என்று
வயிற்றிடம் சொல்லிப் பார்த்தாள்.
அது கேட்கவில்லை.