காத்துக்கு நிற்கும் ஆள்

ஆடியில் பல்லடத்துப் பக்கம் சுவரெடுக்கிறவர்கள்
முதலில் காற்றுக்கு ஒரு கூலி எழுதி வைக்க வேண்டும்.
சலித்த மணல் சட்டியிலிருந்தே கிளம்பிப் போகும்.
கட்டின நூல் விம்மென்று பேசும்.
தூக்குக்குண்டோ
தூளியில் போட்ட பிள்ளை மாதிரி
நிற்கவே மாட்டேன் என்னும்.

கோழித் தீவனக் குடோனுக்குப் பன்னிரண்டடிச் சுவர்.
சாரத்தின்மேல் சென்னியப்பன்
கட்டையைக் கல்லோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு
கத்துவார்:
“துளசிமணி, காத்துக்கு நில்லு!”

நிற்பேன்.
மேற்கே முதுகு, சுவரைப் பார்த்து முகம்,
சேலைக்கு மேல் போட்ட ஆம்பளைச் சட்டையை
இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து.
பித்தளைக் குண்டு என் வயிற்றுக்கு நேரே
நாலு ஆட்டம்
இரண்டு ஆட்டம்
ஒரு நடுக்கம்.
நிற்கும்.

மூன்று ஆடி இந்த முதுகில் போயிருக்கிறது.
மேலே இருப்பவருக்கு நூல்தான் தெரியும்.
குண்டுக்கும் கல்லுக்கும் நடுவே
வெளிச்சம் எவ்வளவு என்பது
கீழே நிற்பவளுக்குத் தெரியும்.
ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தால் நேர்.
விலகினால் தலை வெளியே சாய்கிறது.
முட்டினால் அடி தள்ளியிருக்கிறது.
யாரும் சொல்லித் தரவில்லை.
பார்க்க வேறொன்றும் இல்லை அந்த இடத்தில்.

அவர் பையைத் தூக்குவதும் நான்தான்.
சிமெண்டுச் சாக்கை மடித்துத் தைத்த பை.
மணியாசுக் கட்டையில் அவர் கட்டைவிரல் தோண்டிய பள்ளம்,
என் விரலுக்குக் கொஞ்சம் அகலம்.
ரசமட்டத்துக் குமிழி
எங்கே வைத்தாலும் உள்ளதைச் சொல்லிவிட்டு
அசடுபோல் நிற்கும்.
மூலமட்டத்தின்மேல் போன வருஷம் மணல் லாரி ஏறியது.
அதற்கப்புறம் அதை வைத்து அவர் எடுத்த மூலை
யார் வீட்டுக் குளியலறையில் இருக்கிறதென்று தெரியும்,
சொல்ல மாட்டேன்.

சம்பள நோட்டில் இரண்டு பத்தி.
சித்தாள் அறுநூற்றைம்பது.
கொத்தனார் ஆயிரத்து நூறு.
நடுவே கிடக்கும் நானூற்றைம்பதை
ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் எடை போட்டேன்.
அந்தப் பையைவிட அதிகம் கனத்தது.

மறுவாரம் ஒன்பதாவது வரியில் சொன்னேன்:
“ரெண்டு நூல் வெளிய இருக்குதுங்.”
“குண்டு ஆடுது.”
“ஆடலீங். நாந்தான நிக்கறேன்.”
இறங்கி வந்தார்.
ஒரு கண்ணை மூடினார். அப்புறம் அடுத்த கண்ணை.
ஒன்றும் பேசாமல் ஏறிப்போய்
நாலு வரி சேம்பர் கல்லைக் கழற்றினார்,
சாந்து ஈரம் காயும் முன்னே.

அன்றைக்குச் சாயங்காலம் கடைவீதியில்
நூற்றெண்பது ரூபாய்க்கு ஒரு கரண்டி.
“எந்தக் கொத்தனாருக்குங்க்கா?” என்றான் கடைப் பையன்.
“கைப்பிடி சின்னதாப் பாத்துக் குடு” என்றேன்.
எண்ணெய்ப் பிசுக்கோடு, மஞ்சள் சீட்டோடு
இரவு முழுக்க அடுப்படியில் இருந்தது.
ஒருதரம் எழுந்து தோசையைத் திருப்பிப் பார்த்தேன் அதில்.
நன்றாகவே திரும்பியது.

மேஸ்திரி வெள்ளிங்கிரிக்கு என் இடுப்பில் கண்.
“பொம்பளையாள் கட்டின செவுருன்னு
பண்ணைக்காரரு கேட்டா என்ன சொல்றது?”
“மக்காச்சோள மூட்டைக்குத் தெரியாதுங்.”
சென்னியப்பன் சிரித்துவிட்டார், இருமல் மாதிரி.
பின்பக்கம், ஜெனரேட்டர் ரூம் சுவர்.
யார் கண்ணுக்கும் படாத இடம்.
கிடைத்தது.

ஐந்து வரி ஏறியபின்
கட்டையைக் கல்லோடு அழுத்தி
குண்டை இறக்கினேன்.
எங்கிருந்து வந்ததோ தொண்டைக்கு:
“அண்ணா, காத்துக்கு நில்லுங்.”

நின்றார்.
ஒட்டடைக்குச்சி உடம்பு.
இரண்டு பக்கமும் காற்று வழிந்து வந்தது.
துண்டை விரித்தார், அது பாய்மரமாகி
அவரையே இழுத்தது.
“இன்னொரு ஆள் வேணுமாட்ட இருக்குது” என்று கூப்பிட,
நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
வெள்ளிங்கிரியும் வந்து பக்கத்தில் நின்றார்.

சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.
எந்தப் பத்தியில் எழுதுவாரோ.
நாலு ஆட்டம்.
இரண்டு.