இல்லாததற்கு எது

பாசல் சுங்கத்திலிருந்து கடிதம்:
கடுகுரோகிணி, எழுநூறு கிராம்,
அனுமதிப் பத்திரம் இணைக்கப்படவில்லை,
தடுத்து வைக்கப்பட்டுள்ளது.
இந்த நாட்டில் எனக்கு வந்த முதல் கடிதத்திலும்
இதே வினைச்சொல்தான்.

பஸ் ஓட்டும் தில்லையம்பலத்தின் ஈரலுக்கு
இனி ஒன்பது நாள் சூரணம்தான் மிச்சம்.
"வேற ஏதாவது பார்" என்றாள் டொக்டர் சுகிர்தா,
கடை மூடுகிற நேரத்தில்
மீன் கேட்டு வந்தவளிடம் சொல்வதுபோல.

பார்த்தேன்.
பழைய ஏட்டில் அபாவம் என்றொரு பகுதி.
இல்லாததற்கு எது என்ற பட்டியல்.
மேதைக்குத் தண்ணீர்விட்டான்,
காகோலிக்கு அமுக்கிரா.
அட்டவர்க்கத்து எட்டு மூலிகையும்
எழுதியவர் கைக்கே எட்டவில்லை.
இமயத்தின் காலடியில் இருந்துகொண்டே
அவருக்கும் தட்டுப்பாடு.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை
பீல் நகரத்திலிருந்து ஷஸ்ஸரால் மலைக்கு ஏறினேன்.
ஃப்ருவாத்வோ காத்திருந்தார்
தன் உயரத்துக்கு ஒரு மண்வாரியுடன்.
சாராயம் வடிக்க வேர் கிண்டும் உரிமம்
சட்டைப் பையில் நாலாய் மடித்திருந்தது.
"உங்கள் வைத்தியம் எனக்குத் தெரியாது,
கசப்பு தெரியும்" என்றார்.

இரண்டு செடி காட்டினார்.
ஒரே உயரம், ஒரே பச்சை,
நரம்போடிய அதே அகல இலை.
"எது?"
பதினொரு வருடம் மருந்து இடித்த கை
நேராகப் போய்
நஞ்சைத் தொட்டது.

வெராத்ர். இலை ஒன்றுவிட்டு ஒன்றாய்
படியேறும். மாடுகூட வாய் வைக்காது.
ஜென்சியானில் இலைகள் சோடி சோடியாய்
எதிரெதிரே நின்று தண்டைக் கட்டிக்கொண்டிருக்கும்.
பூ உதிர்ந்த பிறகு வேறு அடையாளம் இல்லை.
மாறிக் கிண்டிய மூன்று பேரின் கதையை
அவர் சிரிக்காமல் சொன்னார்.

ஆலையில்லா ஊருக்கு
இலுப்பைப்பூ சர்க்கரை என்றவர்கள்
இலுப்பைக்குப் பக்கத்தில்
அதே சாயலில் நிற்கிற மற்றதைப் பற்றி
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
கையைப் புல்லில் துடைத்தேன்.
திரும்பவும் துடைத்தேன்.

வேர் வந்தது,
முழங்கை நீளம், உள்ளே மஞ்சள்.
நுனி நறுக்கி நாக்கில் வைத்தேன்.
முதலில் ஒன்றுமில்லை. ஒரு மண் இனிப்பு.
பிறகு காதுவரை ஏறியது.
சுவை சரி.
வீரியம் சரியென்று நம்பினேன்.
விபாகத்தைச் சொல்ல வேண்டியது
தில்லையம்பலத்தின் இரத்தப் பரிசோதனை,
ஆறு கிழமை கழித்து.

"மாதம் எத்தனை கிலோ?" என்று கேட்டார்.
சொன்னேன்.
வாரியை நட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.
இது முதல் பூ பூக்கப் பத்து வருடம்.
இந்தக் குழியை மறுபடி திறக்கும்போது
தான் இருப்பதாக உத்தேசம் இல்லை.

இமயத்தில் எப்படித் தீர்ந்தது என்று
அப்போதுதான் விளங்கியது.
யாரோ ஒருவன் இதேபோல
நியாயமான ஒரு தொகை சொல்லியிருப்பான்.

பாதியாகக் குறைத்துக் கேட்டேன்.
மீதிக்கு நிலவேம்பு போடலாம்,
அது சூரிச் கடையில் பைக்கற்றில் வருகிறது.
வேரின் ஒரு துண்டைக் கண்ணோடு
குழிக்குள் திரும்ப வைத்து
காலால் மிதித்து மூடினார்,
கோபமாய் இருக்கிறவர் மாதிரி.

போத்தலில் ஒட்டும் சிட்டை.
கடுகுரோகிணி என்று எழுதினால் பொய்.
ஜென்சியான் என்று எழுதினால்
"அது சாராயமெல்லே" என்பார்,
ஈரல் நோயாளி, கோபம் நியாயம்.
'கசப்பு வேர், ஷஸ்ஸரால் மலை.
கடுகுரோகிணி அல்ல' என்று
மூன்று வரியில் நெருக்கி எழுதினேன்.

மறுநாள் தொலைபேசி:
"பிள்ளை, இந்தமுறைதான் அசல் சரக்கு.
நேரா இந்தியாவில இருந்து எடுப்பிச்சதோ?"
"சிட்டையை வாசியுங்கோ."
"கண்ணாடி பஸ்ஸில கிடக்கு" என்றார்.