மழையில் நிற்கும்

படிவத்தில் மூன்று கட்டம்:
சிக்கல். தீர்வு. பலன்.
நான்காவது, புகைப்படத்துக்கு.
வாடிக்கையாளர் சிரிக்க வேண்டும்,
கம்பெனிப் பெயர் தெரியும்படி
பொருளைப் பிடித்திருக்க வேண்டும்.

ஈப்போவிலிருந்து ஊத்தான் மெலிந்தாங்.
லோரிகள் சிந்திவிட்டுப் போன செம்பனைப் பழங்களை
டயர்கள் அரைத்து அரைத்து
டவுன் சாலை எண்ணெயாய் வழுக்கியது.
ஆ சோங் கோப்பிக் கடையில்
சூசைநாதன் எனக்கு முன்பே வந்து
என் கோப்பிக்கும் காசு கொடுத்திருந்தார்.
குலை அறுப்புக் குத்தகைக்காரர்.
எங்கள் மோட்டோர் அரிவாளை வாங்கி எட்டு மாதம்.

சிக்கல் என்ன என்றேன்.
"தோள்பட்டை."
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.
நான் எழுதினேன்: உற்பத்தித்திறன் குறைவு.

பலன்?
"முன்ன ஆளுக்கு நூறு குலை. இப்ப நூத்தறுபது."
கொஞ்சம் யோசித்து,
"நூத்தம்பதுன்னே போடுங்க.
எல்லா நாளும் ஒரே நாளா?"
பிறகு குரலைத் தாழ்த்தி,
"ராத்திரியில இப்பல்லாம்
வலது பக்கம் சாஞ்சு படுக்க முடியுது.
அதையும் எழுதுவீங்களா?"
எண் இல்லாத பலனுக்குக்
கட்டத்தில் இடமில்லை.

படம் எடுத்து முடித்துக் கிளம்பும்போது
மோட்டார் சைக்கிளை மறித்து நின்றார்.
"ஒண்ணு மறந்துட்டேன். மழையில நின்னுடும்.
பிளக் நனைஞ்சா அவ்வளவுதான்,
தொடச்சுக் காயவெச்சு அரை மணி நேரம்
சும்மா உட்காரணும்.
அதைக் கண்டிப்பாப் போடுங்க.
என் பேரு இருக்குல்ல?"

போட்டேன்.
இடம் போதாமல் சுருக்கினேன்:
மழையில் நிற்கும்.

மேலாளர் கலைவேந்தன்
என் தாளில் ஒரு சொல்லையும் அடிக்கவில்லை.
ஓர் உம் மட்டும் சேர்த்தார்.
மழையிலும் நிற்கும்.
"இப்பதான் படிக்க நல்லாருக்கு."
இதைவிடச் சிக்கனமாக ஒரு பொய்யை
நான் பார்த்ததில்லை.
மாதக் கடைசி. கமிஷன் பாக்கி.
சரி சார் என்றேன்.

இரண்டாயிரம் பிரதி, வழவழப்பான தாள்.
சூசைநாதன் சிரிக்கிறார்,
வலது தோள் அரை அங்குலம் இறங்கி.

நவம்பரில் அடைமழை.
கம்பெனிக்கு ஒரு தொலைபேசியும் வரவில்லை.
அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்,
கோயில் வாசலில் மறித்திருக்கிறார்கள்,
ஒருவன் பசாரில் சட்டையைப் பிடித்தானாம்.
சண்டை போடாமல் அவர்
உரக்கடைக்குப் போய்
மேசையில் அடுக்கியிருந்த தாள்களை
ஒவ்வொன்றாக எடுத்து
கறுப்பு மையால் அந்த உம்மை அடித்து,
ஓரத்தில் தன் கைப்பேசி எண்ணை எழுதிவிட்டு வந்தாராம்.
எத்தனை தாள் என்று கேட்டதற்கு
கடைக்காரர் சொன்னார்,
ரெண்டு பேனா தீர்ந்துச்சு.

ஜனவரிக் கணக்கில்
அந்த டவுனில் மட்டும் பதினான்கு விற்றிருந்தது.
கலைவேந்தனுக்குப் பிடிபடவில்லை.
"அங்க என்னமோ நல்லா செய்றோம்.
போய் ஒரு வெற்றிக் கதை எழுதிட்டு வா."

போனேன்.
மூன்றாம் நிரைக்குள் நுழையும்போதே தூறல்,
பிறகு ஊற்றியது.
மோட்டோர் இருமி, அடங்கியது.
சூசைநாதன் சட்டை நுனியால்
பிளக்கைத் துடைத்துக்கொண்டே
என்னைப் பார்த்தார், சிரிக்கவில்லை.
"அரை மணி நேரம்," என்றார்.

படிவம் பைக்குள் நனைந்துகொண்டிருந்தது.
மட்டைக்கு அடியில்
அவரும் இரண்டு வங்காளதேச ஆட்களும் நின்றார்கள்.
நானும்.