அறுபத்து நான்கு

வால்டிவியாவில் ஜூலை என்றால் மழை.
ஆஸ்பத்திரிக் கூரைக்கு அது மனப்பாடம்.
நான் வந்தது நேரத்தை அளக்க.
கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை,
அட்டையில் நான்கு கட்டங்கள்:
நோயாளி அருகில். எழுதுவதில். நடப்பதில். பிற.

நெல்டா கூரிஞான்கோ, மூன்றாம் மாடி, இரவுப் பணி.
முதல் இரவு என்னை ஒரு நாற்காலியைப் போலப் பார்த்தாள்,
இடறாமல் சுற்றிப் போனாள்.
விடியலில் அவள் காலணியில் கட்டிய கருவி சொன்னது
பதினோரு கிலோமீட்டர்.
அதில் மூன்று எதற்கென்று
என் கட்டங்களுக்குத் தெரியவில்லை.
"பிற" என்று குறித்தேன்.

மறு இரவு பின்னாலேயே ஓடினேன்.
இதய வார்டில் கேட்டாள்: இல்லை.
பிரசவ வார்டில்: இல்லை.
எலும்பு வார்டில் ஒருத்தி
கேள்வி முடியுமுன்பே தலையாட்டிவிட்டாள்.
தேடியது, சொட்டு மருந்தை எண்ணி இறக்கும் ஒரு பம்பு,
ரொட்டிப் பொட்டலம் அளவுப் பெட்டி.
கணக்குப் புத்தகத்தில் அறுபத்து நான்கு இருக்கின்றன.
எந்த இரவிலும் ஐம்பதுக்கு மேல் தேவைப்பட்டதில்லை.
"பதினான்கு மிச்சம் இருக்க வேண்டுமே" என்றேன்.
அவள் சிரித்தாள்.
அந்தச் சிரிப்புக்கும் கட்டம் இல்லை.

மூன்றாம் வாரம் அவளே கூப்பிட்டாள்.
துணி அலமாரி. சலவை மணம்.
போர்வைகளை விலக்கினாள்.
உள்ளே, குளிருக்குப் போர்த்தியதுபோல்,
இரண்டு பம்புகள்.
"ஞாயிற்றுக்கிழமைக்கு" என்றாள்.
"போன வருஷம் ஒரு ஞாயிறு. பன்னிரண்டாம் படுக்கை.
நாற்பது நிமிஷம் தேடினேன்.
கிடைக்காமல் இல்லை. கிடைத்தது."
அப்புறம் போர்வையை மடித்தாள்,
ஓரமும் ஓரமும் சேரும்வரை.

அதன்பின் என் கண் பழகிவிட்டது.
உபயோகத்தில் இல்லாத குளியல் தொட்டியில் ஒன்று.
கிறிஸ்துமஸ் குடில் பொம்மைப் பெட்டியில் மூன்று,
ஒட்டகத்துக்கும் மேய்ப்பனுக்கும் நடுவே.
அவன் ஒளிப்பதால் இவள் ஒளிக்கிறாள்,
இவள் ஒளிப்பதால் அவன்.
சுவரில் இயக்குநரின் சுற்றறிக்கை:
பதுக்குவோர் மீது நடவடிக்கை.
அது ஒட்டப்பட்ட நாளிலிருந்து
தேடும் நேரம் ஆறு நிமிஷம் கூடியிருந்தது.
வரைபடத்தில் கோடு ஏறுவது தெரிந்தது,
அதை அவரிடம் சொல்வது எப்படி என்பதுதான்
தெரியவில்லை.

அமரோ எச்செனிக்கே கெட்ட மனிதர் அல்ல.
தினமும் படியேறியே வருவார்.
லிஃப்ட் நோயாளிகளுக்கு என்பார்.
கூட்டத்தில் அறிக்கையைப் புரட்டினார்.
"எந்த வார்டு?"
"எல்லா வார்டும்."
"பெயர்கள்?"
நோட்டில் இருந்தன. நோட்டின்மேல் என் முழங்கை இருந்தது.
"ஒருமுறையாவது வெறுங்கையோடு திரும்பியவர்கள்" என்றேன்.
ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது.
ரொம்ப நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல்,
"அந்த ஞாயிறு நான் ஏரியில் மீன் பிடித்தேன்" என்றார்.
எந்த ஞாயிறு என்று அறிக்கையில் நான் எழுதவில்லை.

மாலையில் மூன்றாம் மாடிக்கு வந்தார்,
சுற்றறிக்கையை நகத்தால் உரித்தார்.
டேப்போடு பெயின்ட்டும் வந்துவிட்டது.
சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம், இப்போதும் இருக்கிறது.
மாடிப்படி அடியில் ஓர் அறை திறந்தார்கள்.
பூட்டு இல்லை. கையெழுத்து இல்லை.
யார் வைத்தது என்று கேட்பார் இல்லை.
முதல் இரவு எதுவும் வரவில்லை.
இரண்டாம் இரவு சலவை மணத்தோடு ஒன்று வந்தது.
இன்னொன்று அலமாரியிலேயே இருந்தது, எனக்குத் தெரியும்.
அதுவும் வந்தது, பத்து நாள் கழித்து.

செப்டம்பரில் நான் கிளம்பும்போது
எண்ணிக்கை ஐம்பத்தேழு.
ஏழு இன்னும் எங்கோ இருட்டில்.
"வரும்" என்றார் எச்செனிக்கே.
"ஒரு ஞாயிறு சரியாகப் போகட்டும்" என்றாள் நெல்டா.

பேருந்தில் கோட்டுப் பைக்குள் கைவிட்டேன்.
ஸ்டாப்வாட்ச்சுக்கான குட்டி பாட்டரிகள்.
நான்கு.
எங்கள் குழுவில்
ஆளுக்கு ஒன்றுதான் தருவார்கள்.